அடுப்பில் போட்ட கவசம்

அன்பு மகள் சைக்காலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே குதிரைகள் சுகம், ஆடுகள் சுகம், சினையாக இருக்கும் செவலைப்பசு சுகம், மனிதர்கள் ஏதோ இருக்கிறோம். உன் சுகத்தை நீ சொன்னால்தானே தெரியும். அண்ணன் கல்யாணம் முடிந்து நீ ருஷ்யாவுக்குத் திரும்பிப் போனதிலிருந்து நான் அழைத்தால் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அண்ணன் அழைத்தால் மட்டும் எடுக்கிறாய், பக்கத்தில் என் இருமல் கேட்டதும் "கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் கிழிக்கும்போது நாலு வரி கண்ணில் பட்டுத்தானே ஆகும், அதற்காகத்தான் எழுதுகிறேன். உன் பெரியம்மா மகன் ஒர்மோன் உலர்ந்த பழம் ஏற்றிக்கொண்டு உங்கள் நோவோசிபிர்ஸ்க் பக்கம் லாரி எடுத்துப் போகிறான், அவனிடம் கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன். வந்தால் வாசலோடு அனுப்பிவிடாதே, உள்ளே கூப்பிட்டு டீ கொடு. படிக்கப் போன இடத்தில் அதெல்லாம் மறந்திருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

நீ எதற்கு முறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்தில் அத்தனை பெண்கள் முன்னால் உன்னை அறைந்துவிட்டேன், அதற்குத்தானே? அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பாள் என்று ஆவலாகப் பிரித்திருந்தால் உன் ஆசையில் மண். அன்றைக்கு நடந்தது என்ன என்று நீயே யோசித்துப் பார். புது மருமகள் நூர்ஜாதா முக்காட்டோடு வந்து நம் பெரியவர்களை மூன்று தடவை குனிந்து வணங்கினாள், எல்லாரும் ஆசி சொன்னார்கள், நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பெண்கள் வேடிக்கைக்காகச் சின்னப் பெண்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, மருமகள் மாதிரி யார் அழகாகக் குனிகிறார்களோ அவர்களுக்கு ஒரு தலைத்துணி என்றார்கள். உன் தங்கை ஜிபாரும் நின்றாள். நீ அவளுக்குப் பின்னால் நின்றாய். எல்லாப் பெண்களும் சிரித்துக்கொண்டிருக்கும்போது உன் குரல் மட்டும் மணியடித்த மாதிரி கேட்டது. "அம்மா, இங்க வந்து பாருங்க, ஜிபாருக்கு முதுகு கோணியிருக்கு. குனியும்போது வலது பக்கம் மேடு தட்டுது பாருங்க. அவ தாடை டக்கு டக்குன்னு சத்தம் போடுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம், முதுகு வளைஞ்ச பிள்ளைங்களுக்கு இது நிறைய வருதுன்னு எங்க வாத்தியார் சொல்லியிருக்காரு" என்றாய். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உன் அத்தை சுயும்கான் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். பல் டாக்டருக்குப் படிக்கப் போனவள் பல்லோடு நின்றிருக்கலாம். முதுகைப் பற்றிச் சொல்ல ஆசையாக இருந்தால் சமையலறையில் வந்து என் காதில் சொல்லியிருக்கலாம். சந்தையில் குதிரைக்குக் குறை சொல்கிற தரகன் மாதிரி நீ சத்தம் போட்டாய், நான் அறைந்தேன். இன்றைக்குச் சொன்னாலும் அறைவேன்.

முதுகு விஷயம் நீ கண்டுபிடித்தாய் என்றும் பெருமைப்படாதே. உனக்கு முன்னால் நான் பார்த்தேன். ஜிபாருக்கு வணங்கக் கற்றுக்கொடுத்தது யார், நான்தானே. ஒரு தோள் கீழே போகும், இன்னொன்று போகாது. பாதி உடம்பால் வணங்கிவிட்டு மீதிப் பாதியால் திமிர் காட்டுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கம்பளி அடிக்கிற குச்சியால் மேலே நிற்கிற தோளில் இரண்டு வைப்பேன். "குனிஞ்சுதானேம்மா இருக்கேன்" என்பாள். "அந்தப் பக்கம் யாரு குனிவா, உன் மாமியாரா வந்து குனிவா?" என்று இன்னொன்று வைப்பேன். எலும்பு என்று தெரிந்திருந்தால் குச்சியை வீணாக்கியிருக்க மாட்டேன். எனக்கென்ன எக்ஸ்ரே கண்ணா இருக்கிறது?

தாடைக் கதையை முழுக்கச் சொல்கிறேன், அண்ணன் உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பான். நீ போன பிறகு அந்த டக்கு சத்தம் அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு வாய்க்கும் கதவுத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு சத்தம், விருந்தாளிகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். சோம்பேறித் தாடை, வேலை கொடுத்தால் பலப்படும் என்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாய்க் காய்ந்த உப்புத்தயிர்க் குருத் உருண்டை ஒன்றை எடுத்து, சத்தம் வருகிற பக்கத்தில் அடக்கிக் கடித்து முடிக்கச் சொன்னேன். நம் வீட்டில் எல்லாரும் குருத் கடித்து வளர்ந்தவர்கள்தானே, உப்புத்தயிர் யாரையாவது கொன்றிருக்கிறதா? அவள் அழுதுகொண்டே கடிப்பாள். காது வலிக்கிறது என்பாள், நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்பாள். "தாடைய வேலை வாங்கினா காது ஏன்டி வலிக்குது, கதை விடாதே" என்று இன்னொரு உருண்டையை எடுப்பேன். அப்புறம் உன் அப்பா கிடையிலிருந்து வந்த அன்றைக்கு ஆடு அடித்தோம். தலையை அறுத்துப் பங்கு வைக்கும்போது, வீட்டுப் பெண் கைவேலைக்காரியாக வர வேண்டும் என்று மேலண்ணத்தை எடுத்து ஜிபாருக்குக் கொடுத்தார். வாயைத் திறந்தாள். திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. எச்சில் ஒழுகுகிறது, கண் பிதுங்குகிறது, மூட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோமாளித்தனம் பண்ணுகிறாள் என்று நான் பிடரியில் ஒன்று போட்டேன், அப்போதும் மூடவில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

எலும்பு கட்டுகிற தொக்தொபாயைக் கூட்டி வந்தார்கள். கட்டைவிரல் இரண்டிலும் துணி சுற்றிக் கடைவாய்ப் பல்லில் வைத்து அழுத்தினான், டக்கென்று ஒரு சத்தம், வாய் மூடிக்கொண்டது. "காளைக் கழுத்தையே திருப்பி வெச்சவன் நான், இது ஒரு பெரிய விஷயமா" என்று மார் தட்டினான். அடுத்த வாரம் கொட்டாவி விட்டபோது திரும்பவும் சிக்கியது, திரும்பவும் வந்தான். இந்தத் தடவை இனி விலகவே கூடாது என்று பக்கவாட்டில் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்து, ஈரக் கம்பளிப் பட்டையால் தாடையைத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். பட்டையை அவிழ்த்த பிறகு வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. சத்தமும் நின்றுவிட்டது, அதில் எனக்கு ஒரு நிம்மதி என்று சொன்னால் உன் அப்பா என்னை முறைக்கிறார். மனசில் இருப்பதைச் சொல்வதற்கு எனக்கு என்ன பயம்?

அப்பாதான் பிடிவாதமாகத் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கூட்டிப்போனார், நானும் போனேன். வாயைப் பார்க்கப் போனால் அங்கிருந்து முதுகு டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண்தான், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் குனி என்றாள். உன் தங்கைக்குக் குனிவதென்றால் ஒன்றுதானே தெரியும், கையை மார்பில் கட்டிக்கொண்டு மருமகள் மாதிரி குனிந்தாள், நிமிர்ந்தாள், இரண்டாவது குனிந்தாள். "ஒரு தடவை போதும் பாப்பா, நான் உன் மாமியார் இல்ல" என்று டாக்டர் சிரித்தாள், எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பாம்பு போன தடம் மாதிரி இருந்தது என்று அப்பா சொல்கிறார், நான் சரியாகப் பார்க்கவில்லை. "முதுகு வளையும்போது தலைய நேராப் பிடிக்க கழுத்து ஒரு பக்கமா இழுக்கும், தாடையும் அதோட சேர்ந்து போகும். முதுகு வளைஞ்ச பிள்ளைங்க நிறையப் பேருக்குத் தாடை மூட்டும் கோளாறா இருக்கறதைப் பாக்கறோம். எது எதை இழுத்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஒண்ண விட்டுட்டு ஒண்ணப் பாக்கக் கூடாது" என்றாள். ஆக, நீ சொன்னது சரிதானாம், சந்தோஷப்பட்டுக்கொள். நான் குருத் வைத்தியத்தைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு மேய்க்கிற ஜனம் என்றால் நகரத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் கவசம் செய்து கொடுத்தார்கள். அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை, பின்னால் இரும்புக் கொக்கிகள், வெள்ளை வெளேரென்று ஆமை ஓடு மாதிரி. குளிக்கிற நேரம் தவிர ராப்பகலாகப் போட்டிருக்க வேண்டுமாம். பல்லுக்கு ஒரு தட்டு, சாப்பாடு கஞ்சியாகத்தான். "இவளுக்குப் பதினாலு வயசு, இன்னும் வளர்றா. வளர்ற வரைக்கும்தான் இது பிடிச்சு நிறுத்தும். அதிகம் போனா இந்தக் குளிர்காலமும் அடுத்ததும். இத விட்டுட்டா அப்புறம் கத்தி வெச்சு அறுக்கறதுதான்" என்று டாக்டர் அழுத்தி அழுத்திச் சொன்னாள், சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன், விருந்தாளி வந்தால் கழற்றிவிட வேண்டும். இந்த வீட்டில் புது மருமகளைப் பார்க்க ஆள் வராத நாள் ஏது? உன் அண்ணி எழுந்து அடுப்பு மூட்டுவதற்குள் சூரியனுக்கே கொட்டாவி வந்துவிடும், மாவு பிசைந்தால் கல், தேநீர் போட்டால் கழுநீர், போதாததற்கு வயிற்றில் பிள்ளை வேறு, அவளைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம். ஜிபார் கழற்றுவாள், மாட்டுவாள், கழற்றுவாள், முணுமுணுப்பாள். "பாதி நாள் கழட்டியே இருக்கும்மா, எப்படி நிமிரும்" என்பாள். "ஊர் வாய் முதல்ல மூடட்டும், உன் முதுகு அப்புறம் நிமிரட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். வெங்காயம் தீய்கிற வாசனை வருகிறது, நான் எழுந்து போகாவிட்டால் உன் அண்ணி அதைக் கரியாக்கித்தான் இறக்குவாள். மிச்சம் பிறகு.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக இல்லை, நடுவில் வேறு ஒன்று நடந்துவிட்டது. சுயும்கான் அத்தை வந்தாள். உன் அப்பாவின் அக்காள் சும்மா வருவாளா, நீ கல்யாணத்தில் ஊதிய சங்கு காதில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அவள் ஊரில் நல்ல மந்தைக்காரக் குடும்பம் ஒன்று, அவர்கள் பையனுக்கு ஜிபாரை இப்போதே பேசி வைக்கலாம் என்று அடையாளத்துக்குக் கைக்குட்டையில் வெள்ளித் தோடு முடிந்துகொண்டு வந்திருந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதே தோடா என்று நீ குதிப்பாய். இப்போது வார்த்தைதான், கல்யாணம் அவள் வளர்ந்து படித்து முடித்த பிறகுதான், நாங்களும் காட்டுமிராண்டிகள் இல்லை. வருகிறாள் என்று தெரிந்ததுமே ஜிபாரிடம் கழற்றிவிட்டுப் பச்சைச் சட்டையைப் போடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். தட்டில் ரொட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சைச் சட்டைதான் போட்டிருந்தாள். அத்தை கொஞ்சலாக, "வாடி என் குதிரைக்குட்டி, மருமக மாதிரி ஒரு தடவை குனிஞ்சு காட்டு. ஊர்ல ஏதேதோ பேசறாங்க, என் கண்ணால பாத்துட்டேன்னா நாலு பேர் வாயை அடைக்கலாம்ல" என்றாள். ஜிபார் தட்டை வைத்துவிட்டு மரம் மாதிரி நின்றாள். "குனிடி" என்றேன். அவளுக்குத்தான் வாய் திறக்காதே, பல்லுக்கு நடுவிலிருந்து சொன்னாள், "குனிய வராதும்மா. போட்டிருக்கேன்." அத்தை எழுந்து வந்து அவள் வயிற்றில் விரலை மடக்கித் தட்டினாள், டொக் டொக் என்று கேட்டது. "என்ன உல்கான் இது, பொட்டி மூடியைக் கட்டி வெச்சிருக்கே? பொண்ணைப் பொட்டியோட சேத்துத்தான் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள். அடுப்படியில் உன் அண்ணி களுக்கென்று சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"கழட்டுடி" என்றேன். "கழட்ட மாட்டேன். டாக்டர் சொன்னது உங்களுக்குப் புரியல, எனக்குப் புரிஞ்சுது. அத்தை போயிடுவாங்க, முதுகு என்கூடத்தானே இருக்கப்போகுது" என்றாள். எனக்கு எதிராக அவள் இப்படி நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை, அதுவும் விருந்தாளி முன்னால், அதுவும் திறக்காத வாயால். அத்தை தோட்டைத் திரும்ப முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். டீயைக் குடித்து முடிக்காமல் கிளம்பினாள். போகும்போது என் தோளில் கை வைத்து, "விடு, உன் ரெண்டாவது மகளுக்கு ஆட்டுக்குட்டி வளக்கக் கத்துக்குடு, வீட்டோட இருக்கறவளுக்கு உதவும்" என்றாள். என்னை இந்த வீட்டுக்கு மருமகளாகக் கொண்டுவந்த நாளிலிருந்து குத்திக்கொண்டிருப்பவள், இந்தக் குத்துக்கு அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாளோ தெரியாது.

சனிக்கிழமை ஜிபார் குளிக்கப் போனாள். கவசத்தைக் கழற்றி வெளி அறை ஆணியில் மாட்டியிருந்தாள். நான் எடுத்துப் போய் அடுப்பில் போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். கை தவறி அடுப்புப் பக்கம் விழுந்துவிட்டது என்று அண்ணன் உன்னிடம் பூசி மெழுகியிருப்பான், நம்பாதே. முழுசாக உள்ளே போகவில்லை, கோடாலியால் பிளந்துதான் போட்டேன். வறட்டித் தணலில் கறுப்புப் புகை எழும்பி வீடு முழுக்க நாறியது, அன்றைக்குச் சுட்ட ரொட்டியை நாய்கூடத் தொடவில்லை. அவள் துண்டு சுற்றிக்கொண்டு வந்தாள், ஆணியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தினால் பதிலுக்குக் கத்துவதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஈரத் தலையைக் காயவைத்தாள், அவ்வளவுதான். நன்றாகக் காய்கிற வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் உன் அண்ணி சாம்பலைக் கிளறி மூன்று இரும்புக் கொக்கிகளை எடுத்துத் துடைத்து ஜன்னல் மேல் வைத்தாள். "எதுக்குடி அது?" என்றேன். "சும்மா இருக்கட்டும் அத்தை. எனக்குப் பொண்ணு பொறந்தா காட்டணும்" என்றாள்.

ஜிபார் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. மற்றவர்களிடம் பேசுகிறாள், செவலை போட்ட கன்றுக்குட்டியிடம் பேசுகிறாள், நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுகிறாள். ரொட்டியை டீயில் ஊறவைத்து அந்த இரண்டு விரல் இடுக்கு வழியாக உறிஞ்சிக் குடிக்கிறாள், குடிக்கும்போது என்னைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே அவள் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன், இப்போதாவது "ஏம்மா" என்று ஒரு வார்த்தை வராதா என்று. தரையைத் துடைத்துவிட்டு வேறு கிண்ணம் எடுத்துக்கொண்டாள். நீ போனை எடுக்காமல் என்னை நோகடிக்கிறாய் என்றால் இவள் எதிரிலேயே உட்கார்ந்து நோகடிக்கிறாள், நீதான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அப்பா மாவு எடுத்துப்போகக் கிடையிலிருந்து வந்தார். ஜன்னலில் கொக்கிகளைப் பார்த்தார். ஜிபாரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, சேணம் இறக்கின குதிரையைத் தடவிப் பார்ப்பாரே, அப்படிக் கழுத்திலிருந்து இடுப்பு வரை கையை ஓட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "முதுகு புண்ணான குதிரையைக்கூட ஒரு குளிர்காலம் சும்மா விடுவேன்டி. நீ இவளுக்கு அதுகூட விடல" என்றார். நகரத்து டாக்டரை அவரே போனில் பிடித்தார். பழைய அளவு உதவாது, திரும்பவும் படம் எடுத்து அளவெடுக்க வேண்டும், முதலில் எடுத்த படத்திலேயே வளைவு அதிகம், நாள் போய்க்கொண்டே இருக்கிறது என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்ப கூட்டிப்போய் இன்னொண்ணு வாங்குங்க, நானா தடுக்கறேன்" என்றேன். அப்பா, "இங்க எத்தனை வாங்கி மாட்டினாலும் உன் அடுப்பு எரிஞ்சுகிட்டுதானே இருக்கும்" என்றார். இந்த மனிதருக்கு இத்தனை பேச்சு வரும் என்று இவ்வளவு வருஷம் எனக்குத் தெரியாது. அப்படியே ஒர்மோனைக் கூப்பிட்டு லாரியில் ஜிபாருக்கு ஒரு இடம் வைக்கச் சொல்லிவிட்டார், உன்னிடமும் பேசிவிட்டாராமே, உன் வாத்தியார்களிடம் காட்டுவதாக நீ சொன்னாயாம், அவர் போனை மட்டும் ஒரே மணியில் எடுத்திருக்கிறாய். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லை தாண்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று பத்திரத்தை மட்டும் என் முன்னால் நீட்டினார்கள், போட்டேன் கையெழுத்து. ஊரில் கேட்டால் அக்காளுக்குச் சமைத்துப்போட அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆக, நான் ஒர்மோனிடம் கொடுப்பதாக ஆரம்பித்த கடிதத்தை அவள் பையில் வைத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், இதில் இருப்பதெல்லாம் அவள் முகத்துக்கு நேராக நான் சொன்னதுதான், செய்ததுதான். அவள் துணிகளை அடுக்கும்போது ஒன்று பார்த்தேன். இரண்டு வருஷமாக எந்தப் பாவாடை போட்டாலும் ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கும், துணிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனைச் சபித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மடித்து மடித்துத் தைத்திருக்கிறேன். எல்லாப் பாவாடையிலும் என் தையல். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரித்துவிட்டேன். அங்கே புதுக் கவசம் போட்ட பிறகு நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்துக் கொடு, இப்போதே தைக்காதே. பிரிக்கும்போது இரண்டு இடத்தில் துணியையே கிழித்துவிட்டேன் சைக்கால். எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள், அம்மா அழுதாள் என்று நினைத்துக்கொள், எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். பயமாக இருந்தது, அதுதான் உண்மை. இந்தக் குளிர்காலத்தில் பாதியை நான் எரித்துவிட்டேன், மீதிப் பாதி போதுமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, டாக்டரிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. நீ கேட்டுத் தெரிந்துகொள். என்ன சொன்னார்கள் என்று அப்பாவிடம் சொல், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன், இருமாமல் இருக்கப் பார்க்கிறேன்.

லாரி வாசலில் நிற்கிறது. ஒர்மோன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டான். ஜிபார் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்கி வந்து ஆசி வாங்கிக்கொண்டு போ என்று ஜன்னலைத் திறந்து சொன்னேன், ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசி இல்லாமல் இந்த வீட்டிலிருந்து யாரும் வழி கிளம்பியதில்லை, அதனால் இருவருக்கும் சேர்த்து இங்கேயே கையேந்தி எழுதுகிறேன்: உங்கள் வழி வெள்ளையாக இருக்கட்டும், வழியில் நல்ல மனிதர்கள் எதிர்ப்படட்டும், போட்ட சட்டை கிழிந்தாலும் போட்டவர்கள் நீண்ட நாள் இருக்கட்டும், ஆமீன். மறந்துவிடாதே, அவளுக்கு ரொட்டியை ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், இறைச்சியை நூல் நூலாகக் கிழித்துக் கொடு, சிரிக்க வைக்கும்போது பார்த்துச் சிரிக்க வை, தாடை வலிக்கும். தூங்கும்போது இடது பக்கமாகச் சாய்ந்துதான் படுப்பாள், தட்டி எழுப்பாதே. என்னைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்வாள். அவள் என்ன சொன்னாலும் நம்பு.

இப்படிக்கு,
உன் அம்மா உல்கான்